எட்டு வரிசையில் ஈரம்

கார் ஷெட் ஒருவழியாக அறையாகிவிட்டது. போன வாரம் ஜன்னல் வைத்தாயிற்று, கதவு வைத்தாயிற்று, சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. தரை ஒன்றுதான் பாக்கி. அந்தத் தரையால்தான் மருமகளுக்கு மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டது.

மாமியார் போய் எட்டு மாதம் ஆகிறது. தனியாகக் கிடந்த மாமனாரை மகனும் மருமகளுமாகப் போய், ஒரு பெட்டியும் ஒரு குடையுமாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஹால் சோபாதான் இப்போதைக்கு அவர் படுக்கை. மனிதர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் யார் வந்து விசாரித்தாலும் ஒரே பல்லவி.

"இந்த ரூம் வேலை முடியறவரைக்கும்தான் இங்க. அப்புறம் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிடுவேன்."

"அப்போ ரூம் யாருக்கு மாமா கட்டுறோம்? காருக்கா? அது வெளிய வெயில்ல நின்னு பழகிடுச்சு" என்று மருமகள் கேட்டால் சிரிப்பார். 

பெண் கல்யாணமாகி இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். தையல்காரி. நல்ல பெண்தான், அப்பா என்றால் உயிர். அதெல்லாம் சரி. ஆனால் இந்த மனிதரைப் போகவிடுவதில்லை என்று மருமகள் முடிவு கட்டியிருந்தாள். காலையில் அவர் போடும் டீக்கும், அவளுக்கு வைத்திருக்கும் "பல் டாக்டரம்மா" என்ற பட்டத்துக்கும் அவள் அடிமையாகி வெகுநாள் ஆகிறது. இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை. அதனால் தரையில் காட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

ஹாலில் பழைய மரத்தரை. நல்ல தேன் நிறம், கொஞ்சம் கறுத்த தேன். அதே நிறம் அப்படியே வழிந்து புது அறைக்குள் போக வேண்டும். நடுவில் ஒரு படி, ஒரு பட்டை, ஒரு கோடு தெரியக் கூடாது. தெரிந்தால் மாமனார் கார் ஷெட்டில் இருக்கிறார் என்றாகிவிடும். தெரியாவிட்டால் வீட்டுக்குள் இருக்கிறார்.

அவள் டாக்டர் இல்லை. செயற்கைப் பல் செய்கிற லேபில் வேலை. பக்கத்துப் பல்லோடு புதுப் பல்லின் நிறம் இழைகிறதா என்று பார்த்துப் பார்த்தே பதினோரு வருஷம் ஓட்டியவள். அவள் கண்ணிடம் எந்த மரக்கடையும் தப்புமா? பாலிஷ் போட்டே வருகிற பலகைகளில் முப்பத்தொரு மாதிரி பார்த்தாள். ஒன்று மஞ்சள் ஏறியது, ஒன்று சிவப்பு அடித்தது, ஒன்று பிளாஸ்டிக் மாதிரிப் பளபளத்தது. பலகைக்குப் பலகை விளிம்பில் ஒரு பள்ளம் வேறு. கடைசியில் அவள் தலை தெருமுனையில் தெரிந்தாலே கடைக்காரர் குடோனுக்குள் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தார்.

ஒரு நாள் மாட்டிக்கொண்டார். "ஏம்மா, இதுக்கு ஒரே வழிதான் இருக்கு. பூச்சே போடாத பலகையா வாங்கிக்குங்க. அடியில பிளைவுட் அடுக்கு, மேல நாலு மில்லிமீட்டருக்கு அசல் மரம். தரையில ஒட்டிட்டு, அங்கேயே இழைச்சு, உங்களுக்குப் பிடிச்ச கலரை நீங்களே ஏத்திக்கலாம். என்னை விட்டுடுங்க."

அப்படித்தான் பூச்சில்லாத பலகை வீட்டுக்கு வந்தது. முந்தாநாள் ஒட்டினார்கள். நேற்று பாலிஷ்காரம்மா வந்து மெஷின் போட்டு இழைத்துவிட்டுப் போனாள். துண்டுப் பலகைகளில் ஐந்து கலவை பூசிப் பார்த்தும் ஒன்றும் ஹாலோடு ஒட்டவில்லை. எல்லாம் ஒரு மாற்று வெளுப்பு. இன்னொரு கை பூசினால் சேறு.

"நாளைக்கு நாலு மணிக்கு வர்றேன். ஏதாவது ஒரு கலரைச் சொல்லிடணும்" என்று பாலிஷ்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்புறம் ஒரு மாசம் நான் வேற சைட்டு. சேரலேன்னா கதவுக்குக் கீழ ஒரு உலோகப் பட்டை அடிச்சுட்டுப் போறேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அந்த நாலு மணிதான் இன்றைக்கு.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மருமகள் மாமனாரிடம் சொன்னாள்: "மாமா, அந்த ரூமுக்குள்ள யாரையும் விடாதீங்க. வெறும் மரம். ஒரு அழுக்குப் பட்டாலும் போச்சு."

"நான் இருக்கேன்ல. நீ நிம்மதியா போய்ட்டு வா" என்றார் அவர்.

யாரையும் விடாதீர்கள் என்றாளே தவிர, நீங்களும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை பாருங்கள். அங்கேதான் வந்தது வினை. மாமனார் முப்பத்து நாலு வருஷம் ஒரு பெரிய ஹோட்டலில் துப்புரவு சூப்பர்வைசர். ஒரு தூசியைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பி வருவது அவர் உடம்பிலேயே கிடையாது. இழைத்த அறையிலோ மாவு கொட்டினாற்போல் மரத்தூள். பத்து மணி வரை வாசற்படியில் உட்கார்ந்து காவல் காத்தார். பதினோரு மணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டு மணிக்கு வாளியில் தண்ணீர் பிடித்துவிட்டார்.

மருமகள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு ஒரு மணிக்கு வந்தாள். அறைக்கதவைத் திறந்தாள். ஜன்னல் பக்கத்திலிருந்து எட்டு வரிசைப் பலகை ஈரம் பட்டு நிறம் மாறிக் கிடந்தது. ஒன்பதாவது வரிசையில், பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு மாமனார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"ஒரே தூசியா இருந்ததும்மா. நீ கை கால் கழுவிட்டு வா. அதுக்குள்ள மீதியையும் முடிச்சிடறேன்."

"தண்ணியா? வெறும் மரத்து மேல தண்ணியா?"

குனிந்து தடவினாள். நேற்றுக் கண்ணாடி மாதிரி இருந்த பலகை, மூன்று நாள் சவரம் பண்ணாத கன்னம் போலச் சொரசொரத்தது. மரத்தின் நார் எழும்பியிருந்தது.

"குட்டிச்சுவரா போச்சு! மூணு வாரமா நாய் படாத பாடு பட்டிருக்கேன் மாமா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் உங்களால சும்மா உக்கார முடியாதா? இது என்ன உங்க ஹோட்டலா?"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை. மாமனார் முகத்தில் ஈயாடவில்லை.

"தப்புதாம்மா" என்றார். துணியைப் பிழிந்தார். வாளியை எடுத்துக்கொண்டு, காய்ந்த பலகையில் ஒரு சொட்டுகூட விழாமல் வெளியே போனார்.

ஐந்து நிமிஷம் கழித்து ஹாலிலிருந்து அவர் போன் பேசுவது கேட்டது. "வந்து கூட்டிட்டுப் போறியாம்மா?... இல்லை, இல்லை, ஒண்ணுமில்லை... இன்னிக்கே... சரி, மெதுவா வா."

மருமகள் கதவில் சாய்ந்து நின்றாள். போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கோபம் பாதியும் வெட்கம் பாதியுமாகக் காலைக் கட்டிப்போட்டது. புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"உங்கப்பாவைத் திட்டிட்டேன். ஊருக்குக் கிளம்பறார்."

"என்னது? ஏன் திட்டினே?"

"தரையைத் துடைச்சிட்டார்."

"தரையைத் துடைச்சதுக்கா திட்டினே?"

"விஷயம் புரியாம பேசாதீங்க!"

"இப்போ நான் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டு இருக்கேன். வந்து பேசறேன். அதுவரைக்கும் அவரை எப்படியாவது பிடிச்சு வை."

நல்ல யோசனைதான். எப்படிப் பிடித்து வைப்பது என்றுதான் சொல்லவில்லை.

நாலு மணிக்குப் பாலிஷ்காரம்மா வந்தபோது, மாமனார் வாசல் பக்கம் செருப்பு மாட்டுகிற பெஞ்சில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடை பெட்டிக்கு மேல். ரயிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. பாலிஷ்காரம்மா அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேராக அறைக்குப் போனாள்.

"ஐயோ, இது யார் பண்ணின வேலை?"

"மாமாதான். தெரியாம பண்ணிட்டார்" என்றாள் மருமகள். திட்டியவளே இப்போது வக்கீலானாள். "பெரியவர். தூசியாயிருக்குன்னு துடைச்சிட்டார். மறுபடி இழைச்சா சரியாயிடும்ல?"

பாலிஷ்காரம்மா முட்டி போட்டு உட்கார்ந்து உள்ளங்கையால் தடவினாள். முதல் வரிசை, நாலாவது வரிசை, எட்டாவது வரிசை. கன்னத்தைத் தரையோடு தரையாக வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தாள். ஈரம் காய்ந்துபோயிருந்தது. ஒரு திட்டு இல்லை, ஒரு வளையம் இல்லை.

"ஒரு சீரா இருக்கே..." என்று முனகினாள்.

பையிலிருந்து நேற்றைய கலவையில் நடுவாந்திரமான ஒன்றை எடுத்தாள். எட்டாவது வரிசை சுவரை முட்டுகிற மூலையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு துணியால் தேய்த்தாள். பக்கத்தில் ஈரம் படாத வரிசையில் அதே அளவு. கொஞ்ச நேரம் விட்டு மிச்சத்தை ஒற்றி எடுத்தாள்.

"வந்து பாரும்மா."

மருமகள் வந்து பார்த்தாள். லேபில் செய்வதுபோல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஹால் பலகையைப் பார்த்தாள். திரும்ப மூலையைப் பார்த்தாள். ஈரம் படாத பலகை வழக்கம்போல வெளுத்துப்போய்ப் பல்லிளித்தது. ஈரம் பட்ட பலகையோ சாயத்தை முழுதாகக் குடித்துவிட்டு, கறுத்த தேனாக, ஹாலுக்கு உடன்பிறப்பு மாதிரி கிடந்தது.

"இதுதான்! இதேதான்!" என்று கூவியேவிட்டாள். "எப்படி?"

"தண்ணி பட்டா மரத்துல துவாரம் திறந்துக்கும். சாயம் ஆழமா இறங்கும். எழும்பின நார் பாலிஷ் ஏறினா அடங்கிடும். நாங்களே சில வீட்டுல வேணும்னே துடைக்கறதுதான். உன் வீட்டுல எனக்கு தைரியம் வரல. துடைப்பு ஒரு சீரா இல்லேன்னா, காயற இடத்துல எல்லாம் திட்டுத் திட்டா நிக்கும். அப்புறம் நாலு மில்லிமீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் இழைச்சுத் தள்ளணும்." அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இவ்வளவு சீரா எனக்கு வராது. மீதி பன்னிரண்டு வரிசையும் அதே கை துடைச்சாதான் இது சேரும். கூப்பிடு பெரியவரை. ஆமா, நீ ஒண்ணும் சொல்லிடலையே அவரை?"

மருமகள் தரையைப் பார்த்தாள்.

"சரியாப் போச்சு" என்றாள் பாலிஷ்காரம்மா.

மருமகள் பெஞ்சுக்குப் போனாள். "மாமா, நீங்க துடைச்ச இடம்தான் ஹாலோட சேருது. மீதியையும் நீங்களே துடைச்சிடுங்க மாமா."

மாமனார் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புன்னகைத்தார். "என்னைச் சமாதானம் பண்றதுக்குச் சொல்றே. பரவாயில்லைம்மா. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. இனிமே நான் அதைத் தொடலை."

"நிஜமா மாமா. அந்தம்மாவைக் கேளுங்க."

"அவங்களும் நல்லவங்கதான்" என்றார் அவர்.

இந்த மாதிரி நல்ல மனிதர்களோடு சண்டை போட்டு ஜெயிக்கவே முடியாது. மருமகள் விறுவிறுவென்று வாளியைக் கொண்டுவந்தாள். துண்டுப் பலகை இரண்டை ஹால் நடுவில், அவர் கண்ணெதிரே போட்டாள். "சரி, நானே பழகிக்கிறேன்" என்று மாப்பை முக்கி எடுத்து ஓங்கித் தேய்த்தாள். பலகையில் குளம் கட்டியது.

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியவர் அரை நிமிஷத்தில் இந்தப் பக்கம் பார்த்தார்.

"பிழிஞ்சது பத்தலை."

அவள் பிழிந்தாள். மறுபடி தேய்த்தாள்.

"முன்னும் பின்னுமா இழுக்காதே. ஒரே திசை."

ஒரே திசையில் இழுத்தாள். பாதியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நிக்காதே, நிக்காதே! நின்ன இடத்துல கறை விழும்!" மாமனார் எழுந்தேவிட்டார். பெட்டி மடியிலிருந்து சரிந்து, குடை தனியாக உருண்டது. "வேணும்னே பண்றியா?"

"சத்தியமா இல்ல மாமா. எனக்கு இவ்வளவுதான் வரும்."

அறைக்குள்ளிருந்து பாலிஷ்காரம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமனாருக்கும் சிரிப்பு வந்தது. மருமகளுக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது. மாப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஹோட்டலான்னு கேட்டிருக்கக் கூடாது மாமா. வாய் தவறிடுச்சு. மூணு வாரமா ஏன் இப்படிப் பைத்தியம் மாதிரி அலைஞ்சேன்னு நினைக்கிறீங்க? ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல ஒரு கோடு இருந்தா, நீங்க அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம்னு ஆயிடும். அது எனக்குப் பிடிக்கலை. நீங்க போறது எனக்குப் பிடிக்கலை. அவ்வளவுதான்."

மாமனார் அவள் எதிரில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் ஒன்று சொடுக்கியது.

"நீ திட்டினதுக்காக நான் கிளம்பலைம்மா" என்றார். "திட்டினப்போ நல்லாத்தான் இருந்தது. உங்க அத்தை போனதுக்கப்புறம் என்னை யாரு திட்டறாங்க? எல்லாரும் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி கையாளுறீங்க. டீ போடறதைத் தவிர இந்த வீட்டுல எனக்கு ஒரு வேலை இல்லை. வேலை இல்லாத இடத்துல எனக்கு உக்காரத் தெரியலை. இன்னிக்கு ஒரு வேலை கிடைச்சதுன்னு நினைச்சேன். அதையும் கெடுத்துட்டேன்னு ஆனதும், இனிமே எதுக்கு இங்கேன்னு தோணிடுச்சு."

"கெடுக்கலை மாமா. வந்து பாருங்க."

கையைப் பிடித்து எழுப்பி, மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் வெகுநேரம் பார்த்தார். ஹாலையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாலிஷ்காரம்மாவிடம் திரும்பி, தொழில் பேச்சுத் தொனியில் கேட்டார்:

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கணுமா, பச்சைத் தண்ணியா?"

"முன்னாடி எதுல துடைச்சீங்க?"

"பச்சைத் தண்ணி."

"அதே தண்ணி, அதே துணி, அதே கை."

"பன்னிரண்டு வரிசை. முக்கால் மணி நேரம்" என்றார் மாமனார். "நடுவுல யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது."

பேண்ட் மறுபடி முழங்காலுக்கு ஏறியது. ஒன்பதாவது வரிசையில் ஆரம்பித்தார். இழுப்பும் பிழிதலுமாக, பின்னோக்கிப் பின்னோக்கி, ஹால் பக்கத்து வாசலை நோக்கி நகர்ந்தார். பாலிஷ்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு கச்சேரி கேட்பதுபோல நின்றாள். மருமகள் சத்தம் போடாமல் பெஞ்சடியில் சரிந்து கிடந்த பெட்டியை எடுத்து, அலமாரிக்கு மேல் தள்ளிவைத்தாள். பெட்டி அவர் கைக்கு எட்டாத உயரம்தான், பார்த்துத்தான் வைத்தாள்.

மூன்று வரிசை பாக்கி இருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. நாத்தனார் இறங்கினாள்.

"வாங்க, வாங்க" என்று மருமகள் ஓடினாள். "உங்களை வீணா அலைய வச்சுட்டோம். அவர் கிளம்பலை. நான்தான் மத்தியானம் கொஞ்சம்..."

நாத்தனார் கேட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தது. "அப்பா எங்க அண்ணி?" என்று மட்டும் கேட்டுவிட்டு, புது அறையின் வெளிக்கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"மிதிக்காதே, ஈரம்!" என்றார் மாமனார், திரும்பாமலே. "அங்கேயே நில்லு. உன்னை வேற அலைக்கழிச்சிட்டேன். நான் இங்கேயே இருந்துக்கறேம்மா. எனக்கு வேலை இருக்கு."

சொல்லும்போது குரலில் அப்படி ஒரு உற்சாகம். மருமகளுக்கு உச்சி குளிர்ந்தது. நாத்தனாரோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மருமகள் அப்போதுதான் காரைப் பார்த்தாள். முன் ஸீட்டில் இரண்டு சூட்கேஸ், ஒன்றின் மேல் ஒன்று. பின் ஸீட்டில், ஒரு போர்வை சுற்றி, ஸீட் பெல்ட் போட்டுக் கட்டி, தையல் மெஷின். அப்பாவை வந்து கூட்டிக்கொண்டு போகிறவள் எவளும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வரமாட்டாள்.

"நான் உங்களைக் கூட்டிட்டுப் போக வரலைப்பா" என்றாள் நாத்தனார். "நீங்க போன் பண்ணும்போதே நான் பெட்டி கட்டிட்டுத்தான் இருந்தேன். அந்த வீட்டுல இனிமே என்னால இருக்க முடியாதுப்பா."

மாமனாரின் கை நிற்கவில்லை. நின்றால் கறை விழும் என்று அவருக்குத் தெரியும். அந்த வரிசையைக் கடைசிவரை இழுத்து முடித்தார். துணியைப் பிழிந்தார். அடுத்த வரிசையில் வைத்தார். காது மட்டும் சிவந்துவிட்டிருந்தது. அப்புறம்தான் பேசினார்.

"அழாதே. நம்ம வீட்டுக்குத்தானே வந்திருக்கே. இந்தப் பக்கம் ஈரமா இருக்கு, ஹால் வழியா உள்ள வா. அப்பா இன்னும் ரெண்டு வரிசையில வந்துடறேன்."

மருமகள் செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை. வெறுங்காலோடு காருக்குப் போய், பின் கதவைத் திறந்து, தையல் மெஷினின் பெல்ட்டைக் கழற்றினாள்.